மிஸ்ஸியின் அப்பா என்ன இனம்?

என் மேசையில், அகராதிகளுக்குப் பக்கத்தில், இரண்டு எனாமல் குவளைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. வெள்ளை எனாமல், நீல விளிம்பு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருமல் மருந்து ஊற்றிக் கொடுக்கும் சின்னக் குவளைகள் அவை. ஒன்றில் விளிம்பு பெயர்ந்து கறுத்திருக்கிறது. இரண்டின் அடிப்புறத்திலும் மெழுகு உருகி, காய்ந்து, மறுபடி உருகி, சுரண்டினாலும் போகாத படலமாகப் படிந்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் பேனா போட்டு வைக்கும் குவளை என்று நினைத்து நிமிர்த்தி வைத்துவிடுகிறார்கள். நான் திரும்பக் கவிழ்த்து வைக்கிறேன். என் மருமகள் ஒருமுறை, "என்னா அத்தை இது, பாசார் மாலாம்ல வாங்குனதா?" என்று இரவுச் சந்தையைச் சொல்லிக் கேட்டாள். "இல்லம்மா, மிஸ்ஸி வீட்டுல இருந்து வந்தது" என்றேன். எந்த மிஸ்ஸி என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்ல ஆரம்பித்து, அன்றைக்கு அந்த வீட்டில் சமையல் நடந்திருக்காது.

நர்ஸுகளை எல்லாம் மிஸ்ஸி என்று அழைப்பது மலேசியாவில் எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் லாபு பக்கத்தில் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் மிஸ்ஸி என்றால் ஒருவர்தான். எண்ணெய் வைத்து இறுக்கிப் போட்ட செம்பட்டைக் கொண்டை, மாநிறத்துக்கும் கொஞ்சம் வெளுத்த முகம், அதில் சாம்பல் நிறக் கண்கள். முதுகுக்குப் பின்னால் பூனைக்கண்ணு மிஸ்ஸி என்போம். முகத்துக்கு நேராகச் சொல்ல எவருக்கும் தைரியமில்லை, ஊசி அவர் கையில் இருந்தது. ஆனால் அந்த ஊசி மாதிரி ஊசியை நான் பிறகு எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் போட்டுக்கொண்டதில்லை. கையைப் பிடித்துக்கொண்டே, "பாப்பா, உங்க வீட்டுல கோழி எத்தன? சேவலை விட்டுட்டு எண்ணு" என்பார். நாங்கள் சேவலைக் கழித்துக்கொண்டிருக்கும்போதே பஞ்சு வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பார். ஏமாந்துவிட்டோம் என்ற கோபத்தில் அழுததுதான் அதிகம். எனக்குப் பேரன் பிறந்த பிறகும் அவர் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்.

அவருடைய அப்பாவை நாங்கள் டாக்டர் துரை என்போம். சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் பொதுவான ஆஸ்பத்திரிக்கு அவர்தான் டாக்டர். உயரமான மனிதர், நடக்கும்போது எதையோ கீழே போட்டுவிட்டதுபோல் தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார். ஜெர்மனியில் பிறந்து, பள்ளிக்கூடப் பருவத்திலேயே தனியாக இங்கிலாந்துக்கு வந்து, அங்கே மருத்துவம் படித்து, யுத்தம் முடிந்ததும் இங்கே வந்தவர் என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது எங்களுக்கு வெள்ளைக்காரர் என்றால் வெள்ளைக்காரர், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்த தமிழ்ப் பெண்ணை அவர் ஊரறியக் கல்யாணம் செய்துகொண்டபோது மற்ற துரைமார்கள் அவரைக் கிளப்புக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்களாம். அவர் அதைக் கவனிக்கவே இல்லை என்று என் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஒரே மகள், அதுதான் எங்கள் மிஸ்ஸி.

ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் அம்மா என்னிடம் ஒரு தூக்கில் கொழுக்கட்டை கொடுத்து டாக்டர் பங்களாவுக்கு அனுப்பினார். பின்வாசல் திறந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் கவிழ்த்த இரண்டு மருந்துக் குவளைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு மெழுகுவர்த்தி. டாக்டர் துரை தீக்குச்சி கிழித்து ஏற்றினார். பிறகு இரண்டு கைகளையும் சுடரின்மேல் கொண்டுபோய், வெளிச்சத்தை அள்ளுவதுபோல முகத்தை நோக்கி இழுத்து, அந்தக் கைகளாலேயே கண்களை மூடிக்கொண்டார். கைகளை எடுக்க வெகு நேரம் ஆனது. மிஸ்ஸியும் அவர் அம்மாவும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம், சுடரைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? "தொரை நம்ம பக்கம் வந்துட்டாருடி" என்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மா மட்டுமல்ல, தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீடுகளில் எல்லாருமே அப்படித்தான் நம்பினார்கள். மாரியம்மன் திருவிழாவில் அவருக்கு முதல் பரிவட்டம் கட்டினார்கள், அவரும் கூச்சத்தோடு தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரி வேன் ஓட்டிய மலாய்க்காரப் பெரியவரை பாக்சிக் என்போம், அவருக்கு வேறொரு மரியாதை. பன்றிக்கறி தொடாத வெள்ளைக்காரரை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. டாக்டர் துரை திடீரென்று மாரடைப்பில் போனபோது, மானேஜர் தன் பங்குக்கு வெள்ளைக்காரரென்றால் கிறிஸ்தவர்தானே என்று பாதிரியாரை வரவழைத்து, கல்லில் சிலுவை செதுக்கி, அடக்கம் செய்துவிட்டார். எல்லாருக்கும் அவர் வேண்டியிருந்தார். மிஸ்ஸிக்கு அப்போது வயது இருபதைத் தாண்டியிருக்காது. அம்மாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இதெல்லாம் நடந்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகு, ரப்பர் தோட்டங்கள் செம்பனை எண்ணெய்த் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியபின், நாங்கள் சிலர் சேர்ந்து நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களுக்கென்று ஒரு கலைக்களஞ்சியம் தொகுக்க ஆரம்பித்தோம். அச்சகத்தில் பிழை திருத்திப் பழகியவள் என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டார்கள். எங்கள் தொகுப்பாசிரியர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இளம் வயதில் எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்துக் கொடுத்தவர், இப்போது கோலா பிலாவில் வீடு. பழைய புரோட்டோன் காரில், மடியில் சிவப்புப் பென்சிலோடு, மலைப்பாதை வளைவுகளில் ஹாரன் அடித்துக்கொண்டே சிரம்பானுக்கு வருவார். நல்ல மனிதர், ஆனால் ஒழுங்கு என்று வந்துவிட்டால் தெய்வமே வந்தாலும் வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு பதிவின் தலையிலும் ஒரு பெட்டி போட்டிருந்தார்: பெயர், பிறப்பு, இறப்பு, இனம், சமயம், தோட்டம். ஒரு பெட்டியில் ஒரு வரி குறைந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது.

இன்னொரு விதியும் அவர் வைத்திருந்தார், அதற்காக அவரை எவ்வளவு வேண்டுமானாலும் மன்னிக்கலாம். அந்தக் காலத்தில் விடியலில் ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தில், எழுத்துத் தெரியாதவர்களுக்காகத் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி அறிவிப்புகளை உரக்க வாசிப்பார். அதே மாதிரி, எந்தப் பதிவையும் அந்த மனிதரின் வீட்டாரிடம் போய் உரக்க வாசித்துக் காட்டாமல் அச்சுக்கு அனுப்பக்கூடாது. பதிவின் கடைசியில் சின்ன எழுத்தில் "கேட்டவர்: மனைவி", "கேட்டவர்: தம்பி மகன்" என்று போடுவோம். இதற்காக நாங்கள் குடித்த தேநீருக்கு அளவே இல்லை.

டாக்டர் துரையின் பதிவை ஆசிரியரே ஆசையாக எழுதியிருந்தார். லயத்துப் பெரியவர்களையெல்லாம் தேடிப்பிடித்துக் கேட்டு எழுதியது. இனம்: ஐரோப்பியர். சமயம்: இந்து, பிற்காலத்தில் தழுவியது; சான்று, வெள்ளிக்கிழமை விளக்கு. வாசித்துக் காட்ட, சிரம்பானிலேயே ரஹாங்கில் இருந்த மிஸ்ஸியின் வீட்டுக்குப் போனோம். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவும் போய்ச் சேர்ந்து பல வருடம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பாப்பா, மூட்டு வலிக்கு மாத்திரை போடுறியா இல்லையா?" என்று ஆரம்பித்துவிட்டார். தேநீர் வந்தது, மசால்வடை வந்தது. ஆசிரியர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கணீரென்று வாசித்தார். மிஸ்ஸி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். சமயம் என்ற வரி வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"சார், அது நம்ம விளக்கு இல்ல" என்றார். குரலில் கோபமே இல்லை. "அப்பா யூதருங்க. அவங்கம்மா வெள்ளிக்கிழம பொழுது சாயறதுக்கு முந்தி ரெண்டு மெழுகுவர்த்தி ஏத்துவாங்களாம். சனிக்கிழம அவங்களுக்கு ஓய்வு நாளு, அது முந்துன சாயந்தரமே ஆரம்பிச்சிரும். பாட்டி, அத்தைங்க, எல்லாரையும் நாஜிக்காரங்க கொண்டுபோய்க் கொன்னுட்டாங்க. அந்த வீட்டுல ஏத்துறதுக்கு ஒரு பொம்பள மிச்சமில்ல. அதான் அப்பாவே ஏத்துனாரு." ஆசிரியர் கையிலிருந்த வடையை அப்படியே தட்டில் வைத்துவிட்டார். எனக்கு அந்தப் பின்வாசலும், கண்களை மூடியிருந்த அந்தக் கைகளும் ஞாபகம் வந்தன. நாங்கள் சாமி கும்பிடுகிறார் என்று பூரித்துப்போன அந்த நேரமெல்லாம் அந்த மனிதர் தன் அம்மாவை நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

ஆசிரியர் துக்கத்திலும் ஆசிரியர்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிவப்புப் பென்சிலை எடுத்தார். சமயம்: யூதம் என்று திருத்தப்போனார். "அப்பாவுக்குச் சாமி நம்பிக்கை கெடையாது சார், கேட்டா சிரிப்பாரு" என்றார் மிஸ்ஸி. "நம்பிக்கை இல்லாம எப்படி மிஸ்ஸி யூதர்?" "கோயிலுக்குப் போகலன்னா நீங்க தமிழர் இல்லையா?" ஆசிரியர் அதை அழித்தார். அப்படியானால் இனம் என்ற இடத்தில் ஜெர்மானியர் என்று போடலாமா என்றார். "நீ ஜெர்மன்காரன் இல்லன்னு சொல்லித்தானே அந்த ஊருல வெரட்டுனாங்க." அதையும் அழித்தார். தாளில் சிவப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தவராக, பெட்டிக்குள், பிறப்பு இறப்புக்கெல்லாம் கீழே, இனம்: யூதர் என்று குண்டு குண்டாக எழுதி, நிம்மதியாக மூச்சு விட்டார். மிஸ்ஸி கையை நீட்டி அந்தப் பெட்டியை உள்ளங்கையால் மூடினார்.

"அங்க வேணாம் சார். அவங்க தாளுல எல்லாம் இப்படித்தான் போட்டாங்களாம். பேரு, பொறந்த தேதி, அது பக்கத்துல அந்த முத்திரை. அதை வச்சித்தான் வீடு தேடி வந்தாங்க." ஆசிரியருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. அவர் பயமும் அதில் சேர்ந்துகொண்டது, அதை அவர் ஒளிக்கவில்லை. "அப்ப விட்டுருவோம்லா மிஸ்ஸி. ஐரோப்பியர்னே இருக்கட்டும். இப்ப இருக்குற நெலமையில அந்த வார்த்தையைப் பாத்தா, மேல படிக்காமலே திட்டுவாங்க. பள்ளிக்கூடத்து லைப்ரரியில வாங்க மாட்டாங்க." மிஸ்ஸி பெட்டிமேல் இருந்த கையை எடுத்தார். பிறகு, "டிவியில பாலஸ்தீனத்துல குண்டு போடுறாங்க, புள்ளைங்கள தூக்கிட்டு ஓடுறாங்க. நானும் பாத்துட்டு அழுறேன் சார், நர்ஸு வேற. அதுக்காக எங்க பாட்டிய நான் இல்லன்னு சொல்லணுமா? கல்லுல தப்பா எழுதிட்டாங்க. அன்பாத்தான் எழுதுனாங்க, நான் சண்டை போடல. ஆனா எனக்கு அப்புறம் சொல்ல ஆளு இல்ல. புத்தகத்துலயாவது சரியா இருக்கட்டும்" என்றார். எங்கேதான் எழுதச் சொல்கிறீர்கள் என்று ஆசிரியர் கிட்டத்தட்டக் கத்தினார். "வாக்கியமா எழுதுங்க சார். எங்க பொறந்தாரு, ஏன் ஓடி வந்தாரு, இங்க என்ன செஞ்சாரு, அதோட சேத்து எழுதுங்க. பெட்டியில போட்டா அந்த ஒரு வார்த்தைதான் தெரியும், எங்கப்பா தெரிய மாட்டாரு."

விடைபெறும்போது ஆசிரியர் விடாமல், நாளைக்கு உங்களைப் பற்றி எழுத வேண்டி வந்தால் என்ன போடுவது என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டாம் என்று நான் அவர் முழங்கையை இடித்தேன். மிஸ்ஸி விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம கவர்மெண்டுல அப்பா என்னவோ அதுதான் புள்ள. அப்பா ஆளுங்க சட்டத்துல அம்மா என்னவோ அதுதான் புள்ள. அம்மா ஆளுங்களக் கேட்டா வெள்ளைக்காரன் மகளுங்குறாங்க. இது மூனும் சேந்து எனக்கு எந்த வீட்டுலயும் எடமில்லாமப் பண்ணிருச்சி. பாரத்துல எல்லாம் 'லாயின் லாயின்'னுதான் போட்டு வச்சிருக்கேன்." பிற இனத்தார் என்பதற்கு எங்கள் நாட்டுப் படிவங்களில் அப்படித்தான் இருக்கும். "மிஸ்ஸின்னு போடுங்க சார், போதும்" என்று வாசல்வரை வந்து சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கேட்டைப் பூட்டும்போது அவர் முகத்தை நான் பார்த்தேன்.

திரும்பும் வழியில் ஆசிரியர் ஹாரனே அடிக்கவில்லை. என் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்க விடாமல், "எங்கம்மா வீட்டுல தெலுங்குதான் பேசுவாங்க, தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் சொன்னதே இல்லை. "லயத்துல எல்லாரும் தமிழுங்குறதால நாங்களும் தமிழுன்னு போட்டுட்டோம். நான் தமிழன்தான்லா, அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா எங்கம்மா பதிவு எழுதுனப்ப அந்தப் பெட்டியில தமிழர்னு போட்டுட்டு, ஒரு வாரம் அவங்க பாடுன தாலாட்டு காதுலயே இருந்துச்சி." நான் மிஸ்ஸி கட்டிக் கொடுத்த மசால்வடைப் பொட்டலத்தை அவரிடமே கொடுத்துவிட்டு இறங்கினேன். அடுத்த கூட்டத்துக்கு வந்தபோது மொத்தக் கையெழுத்துப் படியையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். எல்லாப் பெட்டிகளிலும் இனம், சமயம் என்ற இரண்டு வரிகளும் சிவப்பில் அடிபட்டிருந்தன. ஒருவருக்கு எடுத்தால் எல்லாருக்கும் எடுக்க வேண்டும், ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது என்றார். யார் யார் தங்களை எப்படிச் சொல்லிக்கொண்டார்கள் என்பதைப் பதிவுக்குள்ளேயே எழுதுவது என்று முடிவானது. வேலை இரண்டு மடங்கானது. அச்சகக்காரர் எங்களைத் திட்டினார்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை மிஸ்ஸியிடம் கொண்டுபோனேன். அவர் முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பக்கத்தைத் திறந்து, விரல் வைத்து, முதல் வரியைச் சத்தமாகப் படித்தார். "ஜெர்மனியில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்து, குடும்பத்தில் தாம் ஒருவர் மட்டும் உயிர் தப்பி, எங்கள் பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்ற லாபுவுக்கு வந்தவர்." எங்கள் பிள்ளைகள் என்பது கலைக்களஞ்சிய நடை இல்லை என்று நான் சண்டை போட்டிருந்தேன், ஆசிரியர் கேட்கவில்லை. மிஸ்ஸி அதையே மூன்று முறை படித்தார். "இப்பத்தான் பாப்பா, அப்பாவ நான் ஒழுங்கா அடக்கம் பண்ணுன மாதிரி இருக்கு" என்றார். புத்தகத்தைத் திட்டியவர்களும் இருந்தார்கள், சில பள்ளிகள் வாங்கவில்லை. ஆசிரியர் பயந்ததில் பாதி நடந்தது. பாதியோடு போயிற்றே என்று இருந்துவிட்டோம்.

போன வருடம் மிஸ்ஸி காலமானார். தூக்கத்திலேயே, யாருக்கும் தொந்தரவில்லாமல், தன் ஊசியைப் போலவே. அவர் சொல்லி வைத்திருந்தபடி அம்மாவின் பக்கத்தில் அடக்கம் செய்தோம். வீட்டைக் காலி செய்த பக்கத்து வீட்டம்மா, "ஒங்க பேரு எழுதி ஒட்டியிருந்துச்சி" என்று ஒரு பையைக் கொடுத்தார். பாப்பா என்று எழுதிய துண்டுத்தாளும், இந்த இரண்டு குவளைகளும் இருந்தன. இப்போது கலைக்களஞ்சியம் இரண்டாம் பதிப்புக்குப் போகிறது, மிஸ்ஸிக்கு ஒரு பதிவு எழுத வேண்டும். எழுதுவது நான். அப்பா வழியா, அம்மா வழியா, நாடு சொல்வதா என்று நான் எழுதிக் கிழித்த தாள்களுக்குக் கணக்கில்லை. ஒன்றை எழுதினால் இன்னொரு வீட்டிலிருந்து அவரை வெளியே அனுப்புவதுபோல் இருந்தது. எனக்கு அவர்மேல் இருந்த பிரியம் ஒரு வரி எழுதவும் உதவவில்லை. கடைசியில் அவர் சொன்னபடியே செய்தேன், எல்லாவற்றையும் வாக்கியமாக எழுதினேன்.

ஆனால் வாசித்துக் காட்ட வீட்டார் வேண்டுமே. மிஸ்ஸிக்கு யாரும் இல்லை. ஆசிரியரிடம் தொலைபேசியில் சொன்னபோது, "விதின்னா விதி" என்றார். நேற்று அவரே கோலா பிலாவிலிருந்து வந்துவிட்டார், இப்போது பேரன்தான் கார் ஓட்டுகிறான். என் மேசை எதிரில் உட்கார்ந்து, கண்ணை மூடி, "ம், வாசி" என்றார். நான் வாசித்தேன். "யூதத் தந்தைக்கும் தமிழ்த் தாய்க்கும் பிறந்தவர். இரண்டு வீட்டையும் தன் வீடென்றே சொன்னவர். தந்தைக்குப் பிறகு, வெள்ளிக்கிழமைதோறும் அந்தி சாயுமுன், தான் பார்த்தேயிராத பாட்டிக்காக இரண்டு மெழுகுவர்த்திகள் ஏற்றினார். தோட்டத்தில் எல்லாருக்கும் மிஸ்ஸி." அதற்குமேல் அவர் பார்த்த பிரசவங்கள், அவர் பயிற்சி கொடுத்த பெண்கள் என்று போனது. முடித்தபோது ஆசிரியர் கண்ணைத் திறக்கவில்லை. தூங்கிவிட்டாரோ என்று பார்த்தேன்.

"ஊசி வலிக்காதுன்னு எழுதலையே?"

"அதெல்லாம் கலைக்களஞ்சியத்துல போடுறதா சார்?"

"போடுலா. வாத்தியாருன்னு பாக்காம எங்கிட்டயும் கோழிக் கணக்குதான் கேட்டாங்க. எங்க வீட்டுல கோழியே இல்ல, அப்பவும் எண்ணுனேன்."

சிரிக்க ஆரம்பித்து, இரண்டு பேருமே அழுதுவிட்டோம். சிவப்புப் பென்சிலை வாங்கி, பதிவின் அடியில் "கேட்டவர்கள்" என்று எழுதியவர், அங்கேயே நின்றுவிட்டார். உறவு போட வேண்டும். என்ன போடுவது என்று என்னைப் பார்த்தார். அதற்கு மட்டும் நான் யோசிக்கவே இல்லை. "பிள்ளைகள்னு போடுங்க சார்" என்றேன். என் சொல் எதையும் ஒரு தடவையாவது மாற்றாமல் விடாதவர், அப்படியே எழுதினார்.

பிறகு பென்சிலை வைக்க இடம் தேடினார். மருமகள் காலையில் துடைத்துவிட்டு நிமிர்த்தி வைத்திருந்த குவளைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அவற்றில் போடவில்லை. பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, குவளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கவிழ்த்து, அருகருகே வைத்தார். சன்னலைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை, அந்தி சாய இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.

"மெழுகுவர்த்தி இருக்கா?" என்றார்.

காலையிலேயே வாங்கி வைத்திருந்தேன்.